ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கும்போது சிகரெட் விஷயத்தில் செய்யக் கூடாத தவறுகள்

வாடகைக்கு ஆள் இருக்கும் ஃபிளாட்டை வாங்கினால் கிரயம் முடிந்த மாதமே வாடகை வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் உள்ளே இருப்பவர் சிகரெட் பிடிப்பவர் என்பது பத்திரம் பதிந்த பிறகு தெரிந்தால் சிக்கல்.

பலரும் மூக்கை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். வீடு பார்க்கப் போகும் நாளில் ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், ஊதுபத்தி எரியும். சென்னையில் நான் பார்த்த ஒரு பழைய ஃபிளாட்டில் வாசனையே இல்லை. படுக்கையறைக் காலண்டரை லேசாகத் தூக்கினேன். அதன் பின்னால் மட்டும் சுவர் வெள்ளையாகச் சதுரமாக இருந்தது, சுற்றிலும் டீக்கறை போல மஞ்சள். ஃபேன் இறக்கையைத் தொட்டால் தூசி உதிரவில்லை, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஏசியையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய புகை வாடை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

“ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் போச்சு” என்று விற்பவர் சொல்வார். போகாது. நிகோடின் கறை புதுப் பெயிண்டையும் தாண்டி மேலே கசியும். சுவரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, கறையைத் தடுக்கும் பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, “இனி நான்தான் ஓனர், நாளையிலிருந்து வீட்டுக்குள் புகைக்கக் கூடாது” என்று உத்தரவு போடுவது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் பழைய ஓனரின் இடத்தில் வந்து நிற்கிறார். நடப்பு ஒப்பந்தத்தில் சிகரெட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், பாதியில் நீங்களாக ஒரு வரியைச் சேர்க்க முடியாது. 2008 அக்டோபர் 2 முதல் இருக்கும் புகைத் தடையும் பொது இடங்களுக்குத்தான், ஒருவர் குடியிருக்கும் அறைக்குள் அது வராது. கோபத்தில் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்திவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. அதனால் விற்பவருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தை வாங்கி, வரிவரியாகப் படியுங்கள்.

அப்புறம், கறை யாருடையது என்ற கேள்வி. இப்போது குடியிருப்பவருக்கு முன்னால் இருந்தவர் புகைத்திருக்கலாம். கிரயத்துக்கு முன் விற்பவர், குடியிருப்பவர், நீங்கள் மூவருமாக ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்துக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவர் காலி செய்யும் நாளில், செய்யாத சேதத்துக்கு அவர் கொடுத்த வாடகை அட்வான்ஸில் கை வைப்பீர்கள். அது பெரிய அநியாயம். விற்பவரிடம் இருக்கும் அந்த அட்வான்ஸை உங்கள் கணக்குக்கு மாற்றவும் மறக்காதீர்கள். கடைசியில் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள்தான்.

நேரில் உட்கார்ந்து பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் புகைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னால் பாத்ரூமுக்குப் போவார், அங்கிருந்து டக்ட் வழியாகப் புகை மேல்வீட்டுக்குப் போகும். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். “சார், மேலே சின்னக் குழந்தை இருக்கு, மொட்டை மாடிக்குப் போய்ப் பிடிக்க முடியுமா?” என்று கேளுங்கள். அசோசியேஷனிடம் முன்பே பேசி அந்த இடத்தைக் கேட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதையே எழுத்தில் கொண்டுவாருங்கள்: வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் புகைக்கக் கூடாது, விருந்தாளிகளுக்கும் இது பொருந்தும், கறை பட்டால் சுவரைக் கழுவி பிரைமர் அடிக்கும் செலவு ரசீதுப்படி கழிக்கப்படும். இருவரும் கையெழுத்திட்ட பிறகு வாடகை ஆணையத்தில் பதிவு செய்துவிடுங்கள்.