சார்நிலை அலுவலகத்தில் கண்காணிப்பாளர் சறுக்கும் இடங்கள்

முதன்முறையாகக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்காருகிறவர்கள் கலெக்டர் ஆய்வு, சட்டமன்றக் கேள்வி, நீதிமன்ற வழக்கு என்று பெரிய விஷயங்களுக்கே பயப்படுவார்கள். அவற்றால் ஆள் கவிழ்வது அபூர்வம். அலுவலகமே திரண்டு நின்று கவனித்துவிடும். தபால் கட்டு, ஜீப்பின் லாக் புக், இரும்புப் பெட்டிச் சாவி ஆகியவைதான் காலை வாரும். யாரும் கேட்கும் வரை அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

தபாலில் இருந்து தொடங்குவோம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் நடக்கும். அடுத்த ஓரிரு நாளில் மனுக்கள் கட்டுக் கட்டாகக் கீழே இறங்கும். அன்றைக்குத்தான் தேதி முத்திரை போடாமல் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மேசையில் வைக்கிற பழக்கம் வரும். அந்தக் கட்டுக்குள் ஒரு தகவல் உரிமை மனு இருந்தால் தொலைந்தோம். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பதில் தர 30 நாள். நம் அலுவலகத்துக்கு உரியது இல்லை என்றால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். அது விழுவது பொதுத் தகவல் அலுவலரின் தலையில். மனு என்றைக்கு வந்தது என்று சொல்ல முத்திரை இல்லையென்றால், வாதாடவும் வழியில்லை.

அடுத்தது தன்பதிவேடு, அதாவது ஒவ்வொரு எழுத்தரும் தன்னிடம் வந்த கடிதங்களைப் பதியும் ஏடு. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கும் அலுவலக நடைமுறைதான் இன்றைக்கும் நம் மாவட்ட அலுவலகங்களின் எலும்புக்கூடு. கோப்புகளைக் கணினிக்கு மாற்றிய மின் அலுவலகம் (இ-ஆபீஸ்) வந்த பிறகும் அதன் தர்க்கம் மாறவில்லை: வந்த கடிதம் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏற வேண்டும், அங்கே ந.க. எண் என்ற அடையாள எண்ணைப் பெற வேண்டும், முடியும் வரை அந்த வரி திறந்தே இருக்க வேண்டும். இதில் புதியவர்கள் ஏமாறும் விதம் ஒன்றுதான். மாதாமாதம் தன்பதிவேட்டை வாங்கி, நிலுவையை எண்ணி, "குறைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். சாமர்த்தியமான எழுத்தர் தன்னால் முடிக்க முடியாத கடிதத்தைப் பதிவதே இல்லை. அது இழுப்பறையில் இருக்கும்; நிலுவையும் குறைவாகத் தெரியும். பார்க்கப் போனால், பதிவேடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. தன்பதிவேட்டைத் திறக்கும் முன், எந்தத் தபால் எந்தப் பிரிவுக்குப் போனது என்று காட்டும் பகிர்மானப் பதிவேட்டைத் திறங்கள். ஏதாவது பத்து வரிகளைக் குறித்துக்கொண்டு, அவை எந்தப் பிரிவின் தன்பதிவேட்டில் ஏறியிருக்கின்றன என்று தேடுங்கள். நான் இதை முதன்முறை செய்தபோது பத்தில் நான்கைக் காணோம். யாரையும் திட்டவில்லை. அடுத்த மாதமும் தேடுவேன் என்று மட்டும் சொன்னேன்.

கோப்பை முடிக்கிற இடத்திலும் ஒரு குழி இருக்கிறது. முடித்த கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று அதன் மேல் குறிக்க வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். கோப்பின் பொருளைப் பார்த்துப் போடாமல் எல்லாவற்றுக்கும் மூ.மு. போட்டுத் தள்ளுகிறவர்கள் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நில ஒப்படைக் கோப்பு (அரசு நிலத்தை ஒருவருக்கு வழங்கியது) ஒன்று அப்படி முடிக்கப்பட்டு, காலம் முடிந்ததும் பழைய தாளோடு தாளாகப் போய்விட்டது. பல ஆண்டு கழித்து சிவில் கோர்ட்டில் இருந்து கோப்பைக் கேட்டு ஆள் வந்தார். பதிவறை எழுத்தர் முழித்த முழி இன்னும் கண்ணில் நிற்கிறது. தவறு அவருடையது இல்லை. எப்போதோ முடிவு எண் போட்டவருடையது. அவர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஓய்வு என்றதும் பணிப்பதிவேடு நினைவுக்கு வருகிறது. ஊதிய உயர்வு, விடுப்பு, தேர்வு தேர்ச்சி, பணிச் சரிபார்ப்பு எல்லாம் அந்தந்த ஆண்டே ஏற வேண்டும். ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும்போதுதான் நடுவில் இரண்டாண்டு சரிபார்ப்பு இல்லையென்று தெரியும். அப்புறம் அந்த ஊழியர் முன்பு வேலை பார்த்த மூன்று அலுவலகங்களுக்குக் கடிதம், நினைவூட்டு, நேரில் ஆள். ஓய்வூதியம் காத்திருக்கும், ஓய்வு பெற்றவர் வீட்டில் அடுப்பு காத்திருக்காது.

இப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு தவறு, என் கணிப்பில் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சம்பளப் பட்டியல் போடும் களஞ்சியம் மென்பொருளின் கடவுச்சொல்லும், அதிகாரியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் கணினி இயக்குபவரிடம் கிடக்கும். வேலை ஓடுகிறதே என்று யாரும் கேட்பதில்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று எதுவானாலும் அந்த டோக்கன் செருகிய கை யாருடையது என்று கணினி பார்ப்பதில்லை. சான்றில் இருப்பது அதிகாரியின் பெயர். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் தனித்திறவுகோலை, அதாவது டோக்கனுக்குள் இருக்கும் கையொப்பச் சாவியை, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரியவருக்கே தருகிறது. வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். இதுவும் அதுதான். ஒரே ஆளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்ற நிலையும் கூடாது. அவர் அம்மைக்குப் படுத்தால் சம்பளப் பட்டியல் படுத்துவிடும்.

பணம் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. ரொக்கப் பதிவேட்டை அன்றன்றே மூடுங்கள், மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்து நீங்களே எண்ணுங்கள். வருமான வரிப் பிடித்தத்துக்கான காலாண்டு அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். தணிக்கையில் அது யார் பையிலிருந்து என்ற கேள்வி நிச்சயம் வரும். செலவாகாத ஒதுக்கீட்டை மார்ச் கடைசி வாரம் வரை கட்டிப்பிடித்து வைத்துவிட்டு, தேவையில்லாத பீரோ வாங்குவதைவிட முன்னமே ஒப்படைத்துவிடுவது மரியாதை.

லாக் புக்கைத் தணிக்கையாளர் முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தொடக்க, முடிவு கிலோமீட்டரை ஓட்டுநர் மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் எல்லாம் 40, 60, 80 என்று உருண்டையாக வரும். உண்மையான சாலை அப்படி உருண்டையாக இருக்காது. பயணம் போன அதிகாரி அன்றைக்கே கையெழுத்துப் போட்டால் இந்தப் பேச்சே எழாது. தளவாடப் பதிவேட்டில் இருக்கும், அறையில் இல்லாத நாற்காலிகளும் இதே ரகம்.

கடைசியாக, பொறுப்பு ஏற்கிற நாள். மாலை போட்டு, காபி குடித்து, பட்டியலைப் படிக்காமல் ஒப்பமிடுவதுதான் வழக்கம். பழையவர் அடுத்த பேருந்தைப் பிடிக்க அவசரப்படுவார், நமக்கும் சங்கடமாக இருக்கும். சங்கடத்தைப் பார்க்காதீர்கள். நிலுவைக் கோப்புகள், முத்திரைகள், பணி அஞ்சல் வில்லை (அரசுத் தபாலுக்கான ஸ்டாம்பு) இருப்பு, தீராத தணிக்கைத் தடைகள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகு பேனாவை எடுங்கள். முக்கியமாக, "இரும்புப் பெட்டியின் இரட்டைச் சாவி கருவூலத்தில் இருக்கிறதா சார், ரசீது எங்கே?" என்று கேளுங்கள். பழையவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு சாவியையும் சேர்த்தே எடுத்துக் கொடுத்தால், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கலாம்.