மரச்சீனிக்குப் பதில் என்ன? பேலியோவிலும் கீட்டோவிலும் இதயத்தை மறக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கல்யாணப் பந்தியில் சோற்றுக்குக் கைகாட்டி "வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் இப்போது பந்திக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். சோறு, கிழங்கு போன்ற மாவுச்சத்தைக் குறைத்து இறைச்சி, முட்டை, கொழுப்பைக் கூட்டும் பேலியோ, கீட்டோ உணவுமுறைக்காரர்கள் இவர்கள். என் அத்தானும் அதில் ஒருவர். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக்கறியும் (மத்தி மீன்) இல்லாமல் விடியாத மனிதர், ஆறே மாதத்தில் ஒன்பது கிலோ இறக்கினார். சர்க்கரை குறைந்தது, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடும் பாதியானது. ஆனால் கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 128-லிருந்து 196-க்கு ஏறியிருந்தது. "எடை கொறஞ்சிருக்குல்லா, பின்ன இதெல்லாம் ஒரு காரியமா?" என்று ரிப்போர்ட்டை மடித்துவைத்துவிட்டார்.

பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். மாவுச்சத்தைக் குறைத்தால் ட்ரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் கொஞ்சம் ஏறும். இரண்டும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிவது எல்டிஎல். நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது, எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் வேலை மந்தமாகிவிடுகிறது. ஒல்லியான சிலருக்கு இது தாறுமாறாக ஏறுவதும் உண்டு. எடை வேகமாக இறங்கும் நாட்களில் தற்காலிகமாகவும் ஏறலாம். அதனால் தொடங்கும் முன் ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை, எடை ஒரு நிலைக்கு வந்தபின் மறுபடி ஒருமுறை என்று ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏறியே இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனி எங்கள் ஊரின் செல்லப்பிள்ளைக்கு வருவோம்: தேங்காய் எண்ணெய். அதில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயில்கூட அவ்வளவு கிடையாது. ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது சுமார் 22 கிராம். இரண்டு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். மீன் பொரிக்கும் சட்டியில் கரண்டி வைத்து அளந்து ஊற்றும் வீடு எது, சொல்லுங்கள்? அவியலை இறக்கும்போது விடும் பச்சை எண்ணெயை நானும் கைவிடப்போவதில்லை. ஆனால் சோறு போன இடத்தில் தினமும் பீஃப் வறுவலையும் எண்ணெயில் மிதக்கும் முட்டையையும் வைத்தால் அது வேறு கதை.

இதைச் சொன்னால் உடனே இரண்டு ஆய்வுகளை எடுத்து வீசுவார்கள். ஒன்று கொச்சியில் நடந்து 2016-ல் வெளியானது: 200 இதயநோயாளிகள், இரண்டு வருடம், தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. உண்மை. ஆனால் அவர்கள் இதயநோய்க்கான வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள். மருந்தே தொடாத உங்கள் உடம்புக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

மற்றொன்று 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த 'ப்யூர்' ஆய்வு. அதை வழிநடத்தியவர் கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப். "நம்ம பக்கத்து டாக்டரே கொழுப்பு குத்தமில்லேன்னுட்டார்" என்று இங்கே பெருமையாகவே சொல்வார்கள். 18 நாடுகளைச் சேர்ந்த 1,35,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்ததில், மாவுச்சத்தை அளவுக்கு மீறித் தின்றவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. அதிலும் கொழுப்பை மிக அதிகமாகச் சாப்பிட்ட பிரிவினருக்கே அதிலிருந்து கிடைத்த கலோரி சுமார் 35 சதவீதம்தான். கீட்டோவில் அது 70-ஐத் தாண்டும். மூன்று வேளையும் சோறும் கிழங்கும் என்று குவிப்பதைக் குறை என்பதற்கு இந்த ஆய்வு சாட்சி. நெய்யைக் குடி என்பதற்குச் சாட்சி இல்லை. 2023-ல் அமெரிக்க இதயச் சங்கம் உணவுமுறைகளுக்கு மதிப்பெண் போட்டபோது நூற்றுக்கு பேலியோவுக்கு 53, கீட்டோவுக்கு 31 கிடைத்தது.

வாரம் முழுக்க பேலியோ, ஞாயிற்றுக்கிழமை புரோட்டாவும் பீஃப் ரோஸ்டும் என்று இருக்கிறவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கொழுப்பும் மைதாவும் ஒரே தட்டில் கூடினால் எந்த உணவுமுறையின் லாபமும் மிஞ்சாது.

சோற்றோடு சேர்த்துப் பயறையும் கீரையையும் ஒதுக்குவது இன்னொரு தவறு. எல்டிஎல்லை இறக்க உதவும் நார்ச்சத்து அங்கேதான் இருக்கிறது. சாளையும் அயிலையும் ஒமேகா-3 நிறைந்த மீன்கள்; பொரிக்காமல் குழம்பு வையுங்கள்.

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. இன்சுலினோ, கிளிமிப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று விழும். முதல் வாரங்களில் உப்பும் நீரும் வெளியேறுவதால் பிரஷர் மாத்திரைக்காரர்களுக்குத் தலைசுற்றல் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு ஆபத்து இதைவிடப் பெரிது: சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே உலை வைக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்றால் குளுக்கோமீட்டரை நம்பி வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரையின் பெயரையும் சாப்பாட்டு முறையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அத்தான் இப்போது மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சம்பா அரிசிச் சோறு, சிறுபயறு, மீன்குழம்பு என்று இறங்கிவந்திருக்கிறார். அடுத்த டெஸ்ட் ஓணம் கழிஞ்சு பார்க்கலாம் என்கிறார். ஓணச் சத்யா விருந்து சாப்பிடும் முன்னே ரத்தம் கொடுங்க என்று அக்கா விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.