பெல்ஜியத்துச் சேறும் பாலக்கோட்டுச் செம்மண்ணும்: சைக்ளோகிராஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோடு பக்கம் ஓர் ஏரி. தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பையன்கள் நடுவில் ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள். ஞாயிறு காலையில் கரையோரமாக நாங்கள் ஐந்தாறு பேர் சைக்கிளோடு இறங்குவோம். கொஞ்ச தூரம் மிதிப்பது, ஓட்டத்திலேயே குதித்து இறங்குவது, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுவது, மறுபடி தாவி உட்கார்ந்து மிதிப்பது. முதல் நாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்பா, சைக்கிள் வாங்கினது ஓட்டறதுக்கா, தூக்கறதுக்கா?"

இரண்டுக்கும்தான். சைக்ளோகிராஸ் என்பதே அதுதான். சுமார் மூன்று கிலோமீட்டர் சுற்று. புல், சேறு, மணல், படிக்கட்டு, மேடு எல்லாம் அதில் வரும். 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாத மரப்பலகைகளைக் குறுக்கே நட்டிருப்பார்கள். உலக அளவிலான போட்டியில் ஆண்கள் ஏறக்குறைய 60 நிமிடமும் பெண்கள் 50 நிமிடமும் சுற்றிச் சுற்றி ஓட்டவேண்டும். பிரான்சில் 1902லேயே இதற்குத் தேசியப் போட்டி நடந்திருக்கிறது. முதல் உலகப் போட்டி 1950ல் பாரிஸில் நடந்தது. ஜெயித்தவர் ழான் ரோபிக். அவர் 1947ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவரும்கூட. இன்றைக்கு இந்த விளையாட்டின் தாய்வீடு என்றால் பெல்ஜியமும் நெதர்லாந்தும்தான்.

எங்கள் சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. கற்றுக்கொடுக்க இங்கே ஆள் இல்லாததால் வீடியோ பார்த்துத்தான் கற்றோம். வீடியோவில் பேசுகிற பெல்ஜியக்காரர் ஐந்து டிகிரிக் குளிரில், முள் இல்லாத புல்வெளியில், முழங்கால் வரை சேற்றோடு நின்று பேசுகிறார். அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. அதை அப்படியே தூக்கி வந்து செம்மண்ணில் இறக்கியது எங்கள் தவறு. எதை அவரிடமிருந்து எடுக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று புரிவதற்குள் இரண்டு டயர், பின் கியர் தொங்கும் ஹேங்கர் ஒன்று, ஒருவருடைய முன்பல் ஓரம் எல்லாம் போயிருந்தன.

வாங்கும்போதே நடக்கிற தவறு

சைக்ளோகிராஸ் சைக்கிள் ஒரு மணி நேரப் பந்தயத்துக்காகவே செய்த சாமான். சேறு அடைக்காமல் இருக்க டயருக்கும் பிரேமுக்கும் நடுவே இடம் விட்டிருப்பார்கள். வெடுக்கென்று திரும்புவதற்காக நீளம் குறைவாக இருக்கும். தோளில் போடும்போது இடிக்கக்கூடாது என்று சிலதில் பாட்டில் மாட்டவே இடம் இருக்காது. ஒகேனக்கல் வரை ஒரு நாள் போய் வரலாம், நடுநடுவே பந்தயமும் ஓட்டலாம் என்று நினைத்து இதை வாங்கினால் இரண்டாவது வாரமே முதுகு பேச ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவருக்கு 40 மில்லிமீட்டர் டயர் போட்ட, மண்சாலைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளே போதும். டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது உலக சைக்கிள் சங்கத்தின் போட்டிகளுக்கான விதி. ஏரிக்கரையில் ஸ்கேல் வைத்து அளக்க யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் எங்களில் ஒருவர் விதிப்படிதான் ஓட்டுவேன் என்று 33 போட்டுக்கொண்டு வந்து, கருங்கல் ஜல்லியில் மாதம் இரண்டு பஞ்சர் பார்த்தார்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒவ்வொரு பிரேமுக்கும் தனித்தனி வடிவம். அடி பட்டால் பிரேம் உடையாமல் அது வளையட்டும் என்றே அதை மெத்தென்று செய்கிறார்கள். அது உடைந்தால் கிருஷ்ணகிரியிலும் கிடைக்காது, ஓசூரிலும் கிடைக்காது. சைக்கிளோடு சேர்த்து இரண்டு ஹேங்கர் வாங்கி வையுங்கள். எனக்கு இந்தப் புத்தி வந்தது நாற்பது நாள் சைக்கிள் சுவரில் சாய்ந்து கிடந்த பிறகு.

காற்று

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். சைக்கிள் டயர் கல் மாதிரி இருக்கவேண்டும் என்பது நம் ரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து "இன்னும் ரெண்டு அடிப்பா" என்று சொல்லியே வளர்ந்தோம். தார் ரோட்டில் அது சரி. கரடுமுரடான மண்ணில் கல் மாதிரி டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் துள்ளும்; துள்ளுகிற நேரத்தில் பிடிப்பு இல்லை, பிரேக்கும் இல்லை. காற்று குறைந்தால் டயர் நசுங்கி மண்ணை அணைத்துக்கொள்ளும். இது பெல்ஜியக்காரரிடமிருந்து எடுக்கவேண்டிய பாடம்.

விடவேண்டியது அவர் சொல்லும் எண்ணை. சேற்றில் அவர்கள் காற்றழுத்தத்தில் 20 பிஎஸ்ஐக்குக் கீழேகூடப் போவார்கள், அடியில் கல் இல்லை என்ற தைரியத்தில். இங்கே மண்ணுக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பதே கருங்கல்தான். எழுபது கிலோ எடையுள்ள எனக்கு, டியூப்லெஸ் டயரில் முன்னால் 27, பின்னால் 30 ஒத்துவருகிறது. உள்ளே டியூப் இருந்தால் இன்னும் ஆறேழு கூட்டவேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். இந்த எண்களும் உங்களுக்கு முடிவு இல்லை. மீட்டர் உள்ள கைப்பம்ப் ஒன்று வாங்கி, ஒரே வளைவை மூன்று அளவில் ஓட்டிப் பாருங்கள். ரிம் தரையில் டொக்கென்று இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு கூட்டுங்கள்.

பஞ்சர் கடைக்குப் போவதிலும் ஒரு கண்ணி உண்டு. இந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இருக்கும். நம் கடைப் பம்பு அதில் உட்காராது. பித்தளையில் குட்டி அடாப்டர் ஒன்று வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஹைவே ஓரத்து லாரி டயர் கடையில் நீட்டாதீர்கள். லாரிக்கு நூறு பிஎஸ்ஐக்கு மேல் அடித்துப் பழகிய கம்ப்ரசர் அது. கண் மூடித் திறப்பதற்குள் டயர் ரிம்மை விட்டுக் கழன்று பறக்கும்.

அப்புறம் முள். நெருஞ்சியும் சீமைக்கருவேலமும் இருக்கிற ஊரில் டியூப் போட்டு ஓட்டுவது பிடிவாதம் என்பேன். டியூப்லெஸ்ஸுக்கு மாறி உள்ளே சீலன்ட் ஊற்றினால் நெருஞ்சி ஓட்டைகள் தானே அடைபடும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிற்கவேண்டும், அவ்வளவுதான். கருவேல முள் வேறு ஜாதி. நீளம் அதிகம், துளையும் பெரிது. அதற்கு ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி கையில் இருக்கவேண்டும். சீலன்ட் பாட்டிலில் போட்டிருக்கும் மாதக் கணக்கை நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் சீக்கிரமே ரப்பர் உருண்டையாகிவிடுகிறது. சக்கரத்தைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் களக் களக் என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஊற்றுங்கள்.

இறங்குவதும் ஏறுவதும்

இதில் நமக்கு ஓர் அனுகூலமும் ஓர் இடைஞ்சலும் உண்டு. குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள் நாம்; சைக்கிளின் இடது பக்கம் நமக்குச் சொந்த வீடு மாதிரி. செயின் வலப்பக்கம் இருப்பதால் சைக்ளோகிராஸிலும் இறங்குவது இடது பக்கம்தான். வலது காலைச் சீட்டுக்குப் பின்னால் வீசி இந்தப் பக்கம் கொண்டுவந்து, வலது கையால் மேல் பாரைப் பிடித்துத் தூக்கி, ஓட்டம் நிற்காமல் தரையில் கால் வைக்கவேண்டும்.

இடைஞ்சல் ஏறும்போது. பால் கேன் கட்டிய சைக்கிளில் பெரியவர்கள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். இடது காலைப் பெடலில் வைத்து, தத்தித் தத்தித் தள்ளி, அப்புறம் காலை வீசுவார்கள். சுமை சாயாமல் இருக்க அருமையான வழி. பந்தயத்தில் அது வேகத்தை முழுக்கத் தின்றுவிடும். இங்கே பெடலை மறந்துவிட்டு, ஓடுகிற வேகத்திலேயே எம்பி, வலது தொடையின் உட்பக்கம் சீட்டில் வழுக்கும்படி உட்காரவேண்டும். கால்கள் பெடலைத் தேடுவது அதற்குப் பிறகு. முதல் பத்து நாள் எல்லோரும் உட்காருவதற்கு முன் ஒரு குட்டித் தத்தல் போடுவோம். புல் தரையில் நடைவேகத்தில் நூறு தடவை ஏறி இறங்கினால் அது போய்விடும். வேகமாக ஓடிப் பழகினால் மட்டும் போகாது, பயம்தான் கூடும்.

தடை தாண்டிப் பழக, பழைய சொட்டுநீர்ப் பிவிசி பைப்பைச் செங்கல்மேல் சும்மா வையுங்கள். இரும்புக் குழாயை நட்டு வைத்துப் பழகியதால்தான் நண்பரின் பல் ஓரம் போனது. பைப் என்றால் கால் பட்டதும் உருண்டு ஓடியிருக்கும்.

அடுத்தது யாரும் எனக்குச் சொல்லித்தராதது. நம் ஊர்ச் சைக்கிளில் வலது கைப் பிடி முன் பிரேக், இடது கைப் பிடி பின் பிரேக். பிரிட்டனிலும் அப்படித்தான். ஐரோப்பாவின் மற்ற பெரும்பாலான நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் செய்த சைக்கிளில் பெரும்பாலும் இது தலைகீழ். இறங்கும் நொடியில் உங்கள் வலது கை பாரைப் பிடித்திருக்கும். ஹேண்டிலில் இருப்பது இடது கை மட்டும். அந்தக் கை பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் சைக்கிள் நிற்கும், நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள். தருவித்த சைக்கிளோ பழைய சைக்கிளோ வாங்கினால், வீட்டு வாசலிலேயே எந்தப் பிடி எந்தச் சக்கரம் என்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் மாற்றிக்கொண்ட பிறகே ஏரியில் இறங்குங்கள்.

மணல், களிமண், கழுவுதல்

பெல்ஜியத்தில் காக்சைடே என்ற கடலோர ஊரின் மணல்மேட்டுப் பந்தயம் பிரபலம். நமக்குக் கடல் இல்லாவிட்டாலும் கோடையில் தென்பெண்ணை மணல் இருக்கிறது. புதியவர்கள் மணலைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, முன் சக்கரத்தை நேராக்கப் போராடுவார்கள். மூன்றுமே தவறு. வேகத்தோடு நுழைந்து, உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கையைத் தளர்த்தி, முன் சக்கரம் கொஞ்சம் அலைந்தால் அலையட்டும் என்று விட்டு மிதிக்கவேண்டும். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஏற முயலாமல் தோளில் போட்டு ஓடுவது மேல்.

மழை பெய்த கரிசல் வயல் வேறு கதை. அந்த மண் பசை மாதிரி அப்பி, இருபது மீட்டருக்குள் சக்கரத்தைப் பூட்டிவிடும். உலகப் போட்டியில் ஒருவருக்கு இரண்டு மூன்று சைக்கிள் இருக்கும். தடத்தோரம் சைக்கிள் மாற்றும் இடமான பிட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கழுவியதை வாங்கிக்கொள்வார். நம்மிடம் இருப்பது ஒன்று. சக்கரம் சுற்றாமல் நின்றபின் முக்கி மிதித்தால் ஹேங்கர் முறியும். கறுத்த மண் தெரிந்தால் அப்புவதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். ஈர வரப்பில் ஏறி ஓட்டவே ஓட்டாதீர்கள். அதைக் கட்டியவர் மண்வெட்டியோடு வந்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

அந்தப் பிட்டில் பிரஷர் வாஷரால் பீய்ச்சிக் கழுவுவதைப் பார்த்துவிட்டு நாங்களும் பைக் வாட்டர் சர்வீஸுக்குப் போனோம். சைக்கிள் பளபளவென்று வந்தது. மூன்றாம் வாரம் பெடல் அச்சில் கறகற சத்தம். வேகத் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸை வெளுத்துவிட்டது. அவர்களுக்குப் பந்தயம் முடிந்ததும் பிரித்துப் பார்த்து மாற்ற மெக்கானிக் இருக்கிறார். நமக்கு வாளியும் பழைய பிரஷ்ஷும் போதும்.

செயினுக்கு எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஊர் வைத்தியம் இரண்டு: வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயில், அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் புழுதி ஒட்டி, உப்புத்தாள் மாதிரி கியர்ப் பல்லை அரைத்துவிடும். பெல்ஜியக்காரர் சொல்லும் கெட்டியான மழைக்கால லூப்பும் (செயினுக்கான எண்ணெய்) இங்கே தை முதல் வைகாசி வரை அதே வேலையைத்தான் செய்யும். மெழுகு லூப் போட்டு, மேலே ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

வெயிலும் வழியும்

அங்கே ஒரு மணி நேரம் பாட்டில் இல்லாமல் ஓட்டுகிறார்களே என்று நாமும் ஓட்டக்கூடாது. உலகப் போட்டி விதியில், வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால்தான் வீரருக்குத் தண்ணீர் கொடுக்க நடுவர்கள் அனுமதிக்கலாம் என்று இருக்கிறது. 20 டிகிரிக்கு நாங்கள் ஸ்வெட்டர் எடுப்போம். பங்குனிக்கு மேல் பயிற்சியை இருபது இருபது நிமிடமாக உடைத்து, நடுவில் உப்புப் போட்ட மோர் குடிக்கிறோம். முதல் சுற்றிலேயே முழு மூச்சாகப் பாய்வதும் அங்கிருந்து வந்த பழக்கம். குறுகலான தடத்தில் பின்னால் மாட்டினால் முந்த முடியாது என்பதால் அவர்கள் பாய்கிறார்கள். ஆறு பேர் ஓட்டும் ஏரியில் யாரை முந்தப்போகிறோம்?

மார்கழி, தையில் கிராமத்துச் சாலைகளில் ராகியும் கொள்ளும் காயப்போட்டிருப்பார்கள். வண்டி ஏறி மிதித்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். நமக்குக் கொள்ளுச் செடி கியருக்குள் சுருட்டிக்கொள்ளும். இறங்கித் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போகலாம், அதுவும் பயிற்சிதான்.

காட்டுப் பக்கம் போகும் ஆசையில் மட்டும் கவனம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் பெரும்பகுதி 2014லும் 2022லும் அறிவித்த காவிரி வடக்கு, தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் வருகிறது. நல்ல தடம் தெரிகிறதே என்று அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு வரும். ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கும். சைக்கிள் சத்தமே இல்லாமல் வளைவு திரும்பும் வண்டி. யானைக்கும் அது திடுக்கிடல்தான். ஐப்பசியிலிருந்து அறுவடை முடியும் வரை அந்தப் பக்கம் தார் ரோட்டில்கூட ஏழரை மணிக்கு மேல்தான் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்து, ராத்திரி எந்த ஊர் வயலில் பட்டாசுச் சத்தம் கேட்டது என்று விசாரித்துக்கொள்வோம்.