திரும்பி வரும் வேலையிலிருந்து தொடங்குங்கள்: தர மேலாண்மையைத் தினசரிப் பழக்கமாக்கும் முறை

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ 9001 சான்றிதழ் பெற்ற அலுவலகங்களின் வரவேற்பறையில் தரக் கொள்கை சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பவர்களின் மேசைவரை அது வந்து சேர்வது அபூர்வம். அந்தத் தரநிலையின் 2015 பதிப்புக்கு அடிப்படையாக உள்ள ஏழு கொள்கைகளில் வாடிக்கையாளர் நோக்கு, செயல்முறை அணுகுமுறை, சான்றின் அடிப்படையில் முடிவெடுத்தல், மேம்பாடு ஆகிய நான்கையும் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு தனி ஊழியர் கடைப்பிடிக்க முடியும்.

முதல் படியாக, உங்கள் வாடிக்கையாளர் யார் என்று கண்டறியுங்கள். அடுத்த செயல்முறையே உங்கள் வாடிக்கையாளர் என்றார் ஜப்பானியத் தர வல்லுநர் கவோரு இஷிகாவா. நீங்கள் அனுப்பும் அறிக்கையை யார் திறக்கிறார், அதில் எந்தப் பகுதியை உண்மையில் பயன்படுத்துகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

இரண்டாம் படிதான் முக்கியமானது; பலர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒரு வாரத்துக்கு, நீங்கள் முடித்து அனுப்பியும் திருத்தத்துக்காகவோ விளக்கத்துக்காகவோ திரும்பி வந்த வேலைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முன்பு நான் கொள்முதல் பிரிவில் பணியாற்றியபோது எழுதிய பதிவு ஒன்று: "செவ்வாய், காலை 11.20. இருப்புப் பட்டியல் திரும்பியது. தாமிரக் கம்பி 40 என்பது மீட்டரா, கிலோவா என்று கேள்வி." அந்த வாரம் இப்படி ஐந்து வரிகள் சேர்ந்தன, அவற்றில் மூன்று அலகு பற்றியவை. அதுவரை என் குறை வேகமின்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் படி, டொயோட்டாவில் வேரூன்றிய "ஐந்து முறை ஏன்" என்ற வழக்கம். அலகு ஏன் விடுபட்டது? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஏன் இல்லை? மீட்டரில் மட்டும் வாங்கிய காலத்துப் படிவம் அது. ஏன் மாற்றவில்லை? மாற்றும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. இங்கே மூன்றாவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டதால், ஐந்தை எட்டியே தீர வேண்டும் என்று இழுக்கத் தேவையில்லை. ஆனால் "என் கவனக்குறைவு" என்ற பதிலோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கவனக்குறைவு அடுத்த வாரமும் வரும்.

நான்காம் படி, திட்டமிடு, செய், சரிபார், செயல்படு என்ற சுழற்சி. அமெரிக்கத் தர வல்லுநர் எட்வர்ட்ஸ் டெமிங், தம் முன்னோடி வால்ட்டர் ஷூவார்ட்டின் பெயரால் குறிப்பிட்டு வந்த சுழற்சி இது. 'சரிபார்' என்பதைவிட 'ஆராய்ந்து பார்' என்ற சொல்லையே அவர் பிற்காலத்தில் விரும்பினார்; தனிமனிதப் பழக்கங்களுக்கும் அதுவே பொருத்தம் என்பேன். ஒரே நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் பலன் எதனால் வந்தது என்று தெரியாது. நான் அலகுக்கென ஒரு கட்டம் சேர்த்து, கணக்குப் பிரிவின் ஒப்புதலோடு ஒரு வாரம் அனுப்பிப் பார்த்தேன்.

மேசையை ஒழுங்குபடுத்தும் ஐந்து-எஸ் முறையை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எந்தக் கோப்பு அடிக்கடி தேவைப்படுகிறது என்பதை நோட்டே காட்டிவிடும்.

இரண்டாம் வாரம் என் நோட்டில் இரண்டு வரிகள் இருந்தன. அலகு பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. இரண்டுமே விற்பனையாளரின் பெயர் இரு விதமாக எழுதப்பட்டதால் வந்தவை. மூன்றாம் படிக்கு மீண்டும் சென்றேன்.