காந்தாரம் காதில் ஏறிய விதம்

நாற்பது கீர்த்தனைகள் பாடமான பிறகும், ராகத்தை விரித்துக் காட்டும் ஆலாபனையின் தொடக்கத்தில் கரகரப்பிரியா, அரிகாம்போதி என்ற இரண்டு ராகங்களையும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் ‘க’ எனும் காந்தாரச் சுரம் ஒன்றுதான் வேறுபாடு: 22ஆம் மேளமான கரகரப்பிரியாவில் தாழ்ந்த சாதாரண காந்தாரம், 28ஆம் மேளமான அரிகாம்போதியில் உயர்ந்த அந்தர காந்தாரம். மேளகர்த்தா எனும் தாய் ராகங்களின் பட்டியல் மனப்பாடம், காதுதான் பழகவில்லை.

காரைக்குடியில் நண்பர் வீட்டு வளவில் ஞாயிறு மாலைகளில் நால்வர் கூடுவோம். வயலின், நாகஸ்வரம், கீபோர்டு, என் வாய்ப்பாட்டு. நாகஸ்வர அண்ணன்தான் கோளாறைப் பிடித்தார். "தம்பி, நீங்கள் சுரத்தைக் கேட்கவில்லை, தெரிந்த பாட்டைத் தேடுகிறீர்கள்" என்றார். உண்மை.

அன்றுமுதல் தம்புராவை ஓடவிட்டு ஒருவர் ஒரு சுரம் வாசிப்பார். மற்றவர்கள் அதைப் பாடிய பிறகே பெயர் சொல்ல வேண்டும். நான் இரண்டு ராகத்திலும் காந்தாரத்துக்கு முன்னே வரும் சதுஸ்ருதி ரிஷபத்தில் (‘ரி’) நின்று ஏறிப் பார்ப்பேன். அரைச்சுரம் ஏறினால் சாதாரணம், முழுச்சுரம் என்றால் அந்தரம். ‘ச’ என்ற ஆதார சுரத்தை C-யில் வைக்கும் ஒரு கட்டைச் சுருதியில் முன்னது கறுப்புக் கட்டை, பின்னது வெள்ளை என்று கீபோர்டில் கண்ணாலும் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் கீபோர்டில் பிழையே இல்லை. வயலினில் மறுபடி தடுமாறினேன்! கரகரப்பிரியாவின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும்; கட்டையில் கேட்ட தட்டையான சுரம் அங்கே உதவவில்லை. வயலின் நண்பர் கமகம் எனும் அந்த அசைவை மிக மெதுவாக வாசிக்க, கூடவே பாடினேன். அதற்கு மட்டும் இரண்டு மாதம் பிடித்தது. அவருடைய பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் குன்றக்குடி மலையடிவாரத்தில் நாகஸ்வரம் ஒலித்தது. ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் பிடியிலேயே (சுரத் தொடரிலேயே) "கரகரப்பிரியா" என்றேன். அண்ணன் தலையசைத்தார்.