வெளிநாட்டு வீட்டில் முதல் நாளே வெந்நீரை அளந்து பாருங்கள்

லீவில் தக்கலைக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி அடுத்த மாதம் மனைவி, ஒன்றரை வயதுக் குழந்தையோடு அமெரிக்கா கிளம்புகிறான். முன்னறையில் பெட்டி திறந்து கிடக்கிறது, புளியும் மிளகாய்ப்பொடியும் நேந்திரங்காய் சிப்ஸும் தரையெல்லாம். "அண்ணே, அங்க போனதும் முதல்ல என்ன வாங்கணும்?" என்று கேட்டான். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு மக்கா, என்றேன். காய்ச்சல் பார்க்கவா என்றான். இல்லை, குளியலறைக் குழாய்க்கு. அவனிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று நம் பக்கத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கும் எல்லோருக்குமாக.

நம் ஊரில் விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சினாலும் சரி, சுவரில் இருக்கும் சின்ன ஹீட்டரைப் பத்து நிமிடம் போட்டாலும் சரி, வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்த பிறகுதான் முதல் கப் தண்ணீர் மேலே விழும். சூட்டை அளப்பது நம் கை. அங்கே வாளி கிடையாது. பேஸ்மென்டிலோ ஒரு சின்ன அலமாரி அறைக்குள்ளோ 40, 50 கேலன் தொட்டி ஒன்று இரவும் பகலும் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும், குழாய்ப் பிடியை இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் அந்தச் சூடு அப்படியே உடம்பில் இறங்கும்.

எங்கள் மூத்த பிள்ளை பிறந்தபோது உதவிக்கு அம்மா ஊரிலிருந்து வந்தார். வந்த மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் திறந்தார். தொட்டிக்கும் குளியலறைக்கும் தூரம் இருந்தால், இடையில் குழாயில் நிற்கும் ஆறிய தண்ணீர்தான் முதலில் வரும். அம்மா பிடியை முழுக்க இடது பக்கம் திருப்பி, சூடு வருகிறதா என்று கையை நீட்டிக்கொண்டே நின்றிருக்கிறார், ஜில்லென்று வந்துகொண்டிருந்தது ஒரே நொடியில் கொதிப்பாக மாறிவிட்டது. குழந்தை மற்றக் கையில் இருந்தான், அவன்மேல் ஒரு சொட்டும் படவில்லை. அம்மாவுக்கு மூன்று விரல் கொப்பளித்துவிட்டது. அன்று மாலை கடையில் தெர்மாமீட்டர் வாங்கி, கண்ணாடி டம்ளரில் பிடித்த தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன், முள் 148 பாரன்ஹீட்டில் போய் நின்றது. நான் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாளும் பார்க்கவில்லை.

அந்த எண் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, 150 பாரன்ஹீட் (66 செல்சியஸ்) தண்ணீர் இரண்டே நொடியில் பெரியவர்களின் தோலையே ஆழமாக வேகவைத்துவிடும். 140 என்றால் ஆறு நொடி, 130 என்றால் முப்பது நொடி. 120க்கு, அதாவது 49 செல்சியஸுக்கு இறக்கினால் ஐந்து நிமிடம் ஆகும், கையை இழுத்துக்கொள்ள, குழந்தையைத் தூக்கிவிட நேரம் கிடைக்கும். அதனால்தான் 120ல் வைக்கச் சொல்கிறார்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லியது, இதைவிடச் சீக்கிரம் சுடும். நாள்பட்ட சர்க்கரை வியாதியில் காலில் உணர்ச்சி குறைந்துபோன அப்பாவுக்குச் சூடு தெரியவே தெரியாது, தோல் வழன்ற பிறகுதான் பார்ப்பார்.

அளப்பது எளிது. ஒரு மணி நேரம் யாரும் வெந்நீர் எடுக்காமல் இருந்த பிறகு, சமையலறைக் குழாயில் வெந்நீரை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது 42, 43 செல்சியஸோடு முடிந்துவிடும். கேஸ் ஹீட்டர் என்றால் தொட்டியின் அடிப்பக்கம் திருகு ஒன்று இருக்கும். பலவற்றில் எண்ணே போட்டிருக்காது, ஒரு சின்ன முக்கோணமும் ஏ, பி, சி என்ற எழுத்துகளும்தான், முக்கோணம்தான் ஏறக்குறைய 120. கொஞ்சம் குறைத்து, சில மணி நேரம் விட்டு, மறுபடி அளக்க வேண்டும், திருகை நம்பாதீர்கள், டம்ளரை நம்புங்கள். கரண்ட் ஹீட்டரில் மேலும் கீழுமாக இரண்டு தெர்மோஸ்டாட் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும், உள்ளே 240 வோல்ட். பிரேக்கரை (ஹீட்டருக்கு வரும் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) அணைக்காமல் தகட்டைத் திறக்கவே கூடாது, பழக்கமில்லாதவர்கள் ஆள் கூப்பிடுவதே நல்லது. பல அபார்ட்மென்ட்களில் கட்டிடத்துக்கே பொதுவான பாய்லர் இருக்கும், உங்களால் தொட முடியாது. அளந்த எண்ணை எழுதி, குழந்தை இருக்கிறது என்பதையும் சேர்த்து நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், கூச்சமே வேண்டாம்.

சரி, அப்படியானால் இன்னும் குறைத்து 100ல் வைத்துவிடலாமே என்று தம்பி கேட்டான். கூடாது. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அந்த நீர்த்திவலை மூச்சோடு உள்ளே போனால் நிமோனியா வரும். ஆஸ்திரேலியா, கனடா பக்கம் தொட்டியை 60 செல்சியஸில் வைப்பது இதற்காகத்தான், அங்கே குழாய்க்குப் போகும் வழியில் பச்சைத் தண்ணீர் கலக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திச் சூட்டைக் குறைக்கிறார்கள். அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் தொட்டியைத் தொடாமல், அந்த வால்வு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கதை தலைகீழ். கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயிலேயே சுடுதண்ணீர் வரும். பலரும் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டியில் ஆறிக் கிடக்கும் நீரைக் குளிக்க எடுப்பார்கள். நீல நிறக் குழாய் என்று நம்பிக் குழந்தையை அதன் கீழே நிறுத்திவிடாதீர்கள்.

பேறு பார்க்க வரும் அம்மாக்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு, ஆவி பறக்கும் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி வளர்த்த கைகள் அவை, வெதுவெதுப்பெல்லாம் அவர்களுக்குச் சூடாகவே படாது. குழந்தைக்கு 37, 38 செல்சியஸ் போதும். பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு, பிறகு வெந்நீர் சேர்த்து, குழாயை மூடி, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையை இறக்க வேண்டும். குழாய் ஓடும்போது குழந்தை குளியல் தொட்டிக்குள் இருக்கக் கூடாது. ஷவரில் நிற்கும்போது வேறு யாராவது டாய்லெட்டில் தண்ணீர் விட்டால், பழைய வீடுகளில் திடீரென்று சூடு ஏறும், அதையும் சொல்லிவையுங்கள்.

சுட்டுவிட்டால், துணியையும் வளையல், மோதிரத்தையும் உடனே கழற்றி (தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள்) ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், தேங்காயெண்ணெய், பேஸ்ட் எதுவும் வேண்டாம். அம்மா எண்ணெயைத் தேடித்தான் ஓடினார், நான் கையைப் பிடித்துக் குழாயடியில் நிறுத்தினேன். குழந்தைக்குப் பட்டாலோ, முகத்தில் பட்டாலோ, கொப்பளம் பெரிதாக இருந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000. அம்மா வந்து இறங்கிய அன்றே அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள், கீழே வீட்டு முகவரியையும் சேர்த்து.