வயதுபோன காலத்தில் சம்பள வேலை: வீட்டார் விடுகிற தவறுகள்

அறுபது தாண்டிய ஒருவர் கூலி வேலைக்குப் போனால் வன்னியில் இரண்டு விதமான கதைதான் வரும். ஒன்று, "பிள்ளைகள் இருந்தும் இந்த வயதில உழைக்க வேண்டிக் கிடக்கே." மற்றது, "வேலை செய்யிறபடியால்தான் மனிசன் இன்னும் இரும்பு மாதிரி நிக்குது." முதலாவதைக் கேட்டு வெட்கப்படுகிற பிள்ளைகள் மறிக்கிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள் ஏலாதவரையும் தள்ளி அனுப்புகிறார்கள்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் ஆபத்து கூடியது. உடம்பு நல்லாக இருக்கிறவர்தான் வயலுக்குப் போவார். முழங்கால் தேய்ந்தவரும் பாரிசவாதம் வந்தவரும் விறாந்தையோடு இருப்பதால் எங்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே வேலைதான் சுகத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறோம், ஆனால் பெரும்பாலும் சுகம் இருந்தபடியால்தான் வேலை நடந்தது. வேலையால் நன்மை இல்லையென்று சொல்ல வரவில்லை. விடிய எழும்ப ஒரு காரணம், கதைக்க நாலு பேர், கையில் தன் காசு, இவை தனிமையை நன்றாகவே குறைக்கும். ஆனால் விரும்பிப் போகிற வேலையாகவும், உடம்பு தாங்குகிற வேலையாகவும், மரியாதையும் சரியான சம்பளமும் கிடைக்கிற வேலையாகவும் இருந்தால்தான் அந்த நன்மை வரும். கடுமையாக உழைத்தும் கைமாறு குறைவாகக் கிடைத்தால் இதயம் வரைக்கும் பாதிக்கும் என்று ஜெர்மனியில் பணியாற்றிய ஆய்வாளர் யொகான்னஸ் சீக்ரிஸ்ட் 1996 இலேயே எழுதினார்.

இனி மறிக்கிற பிள்ளைகள். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் கச்சான் விற்கிற வயதான பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சுண்டுப் பேணியால் அளந்து சரையில் கொட்டிவிட்டு, மேலே ஒரு பிடி போடுவார்கள். பஸ் சாரதியின் சுகம் கேட்பார்கள், பக்கத்துக் கடைக்காரியோடு சண்டையும் பிடிப்பார்கள். கனடாவிலிருந்து மகன் எடுத்து, "அம்மா இனிப் போக வேண்டாம், நான் காசு அனுப்புறன்" என்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாதக் காசு வந்துவிடும், அந்தப் பகல் முழுக்க நடந்த கதையும் பேச்சும் வராது. "நிப்பாட்டுங்கோ" என்று சொல்வதற்கு முன், "எது அம்மா கஷ்டம்?" என்று ஒரு தரம் கேளுங்கள். பெரும்பாலும் பதில் சின்னதாக இருக்கும்: மூட்டை தூக்குவது, அடுப்பு வெக்கை, இருட்டின பிறகு வீட்டுக்கு வருவது. மூட்டையை ஏற்றி இறக்க ஒரு பொடியனைப் பிடியுங்கள், பின்னேரம் நாலு மணிக்கு ஓட்டோ ஒன்றை ஒழுங்கு பண்ணுங்கள், அனுப்புகிற காசில் ஒரு பங்கு அதற்குப் போகட்டும்.

விருப்பத்துக்கு இடமே இல்லாதவர்களும் இங்கே நிறையப் பேர். 2009 போரில் பிள்ளைகளை இழந்து, பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்த்து, நுண்கடன் தவணையும் கட்டுகிற ஆச்சியிடம் போய் "வேலை மனதுக்கு நல்லது" என்று சொல்வது பெரிய பிழை. அவருக்குத் தேவை சுமை இறங்குவது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு இரண்டையும் பற்றிப் பிரதேச செயலகத்தில் அவருக்காக நீங்கள் போய் விசாரியுங்கள். 1987 இன் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு காலத்தில் பணம் கட்டியிருந்தால், இடப்பெயர்வில் புத்தகம் துலைந்ததென்று விட்டுவிடாமல் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

"இருந்துகொண்டு பார்க்கிற வேலைதானே" என்று இரவுக் காவலுக்கு அனுப்புவதும் அடிக்கடி நடக்கிறது. பன்னிரண்டு மணித்தியாலம் முழித்திருந்துவிட்டுப் பகலில் வயதானவருக்கு அந்த நித்திரை திரும்ப வராது. நீரிழிவு இருந்தால் இன்னும் சிக்கல். சில குளிசைகளையும் இன்சுலினையும் எடுத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் விட்டால் சீனி சடாரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, தனியே மயங்கி விழலாம், அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது போகப் போக விடாய் தெரிவது குறையும். பிரஷர் குளிசைகளில் சில சலத்தைக் கூட்டிப் போக்கும். சோளகக் காற்று வீசும்போது வியர்வை உடனே காய்வதால் உடம்பு வற்றுவதே தெரியாது. ஆகவே விடாய்க்கும்வரை காத்திருக்காமல் இடைக்கிடை குடிக்க வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். வேலையை விடிய ஆறிலிருந்து பத்துக்குள் முடிப்பதுதான் நல்லது. பிரஷர் குளிசையைத் தானாக நிறுத்தக் கூடாது. சேற்று வயலில் இறங்குகிறவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் கூலி போகுமென்று கிளினிக் திகதியை விடுகிறவர்கள் நிறையப் பேர். சேரும்போதே "மாதத்தில் இந்த நாள் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட வேண்டும்.

அரச வேலையில் இருந்தவர்களுக்கு வேறொரு தவறு காத்திருக்கிறது. 2022 இன் தொடக்கத்தில் 65 ஆக்கிய ஓய்வு வயது அந்த வருட முடிவிலேயே திரும்ப 60 ஆனதில், ஆயத்தமே இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள் பலர். வெறுமை தாங்காமல் பணிக்கொடையை அப்படியே ஒரு வியாபாரத்தில் போடுவது கூடாது. முதலில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரியூசனோ கணக்கெழுத்தோ பார்த்து, உடம்பும் மனமும் எப்படி இருக்கிறதென்று பாருங்கள்.

கடைசியாக, வேலை கொடுக்கிறவர்களுக்கு. வயதுபோனவர்தானே, தேத்தண்ணியும் சாப்பாடும் கொடுத்தால் காணும் என்று நினைப்பது அநியாயம். பிள்ளை கேட்டாலும் சம்பளத்தை அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டப்படி 60. அதற்குப் பிறகு வேலைக்கு வைத்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதமும் போக வேண்டும். வேலைத்தலத்தில் விழுந்து காயப்பட்டால் நட்டஈடு கேட்கலாம், அதற்கான கட்டளைச் சட்டம் 1934 இலிருந்தே இருக்கிறது. ஆனால் வேலை செய்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே போன நாள், வாங்கிய காசு, வேலை தந்தவரின் பெயர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், எழுதத் தெரியாதவராக இருந்தால் பேரப்பிள்ளையைக் கொண்டு அன்றன்றே எழுதுவியுங்கள்.